முதுகில் மரு, பாதத்தில் கறுப்பு

உக்குவளைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களின் கன்னத்திலும் கழுத்திலும் முதுகிலும் கறுப்பு அல்லது கபில நிறத் தடிப்புகளைக் காணலாம். மெழுகுத் துளியை ஒட்டிவைத்தது போலச் சொரசொரப்பாக இருக்கும். நாம் மரு என்போம். வைத்தியர்கள் கெரட்டோசிஸ் என்பர். தோலின் மேற்படைக் கலங்கள் பெருகித் தடிப்பதே இது. பரம்பரையாகவும் வரும். தொற்றாது, புற்றுநோயாகவும் மாறாது. உடையில் உரசி நோகாவிட்டால் மருந்தே வேண்டாம்.

சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் தலைமயிரால் இறுக்கிக் கட்டுவதுமே கெடுதல். சீழ் வைக்கும், வடு நிற்கும். அது மரு அல்லாத வேறொன்றாக இருந்தால் அடையாளமே அழிந்துவிடும்.

வெயிலால் வரும் இன்னொரு கெரட்டோசிஸ் சிலவேளை புற்றுநோயாகும். அது வெள்ளைத் தோலருக்கே அதிகம், எமக்கு அரிது. எமது ஆபத்து வேறிடத்தில், நாம் பாராத உள்ளங்காலில் இருக்கிறது. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் கருந்தோலருக்குப் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே தோன்றுகிறது. ஜமெய்க்காப் பாடகர் பொப் மாலிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது இதுதான். 1981 இல், 36 வயதில் இறந்தார். வெறுங்காலோடு மலையேறுபவர் இதை முள் குத்திய கறை என்றோ அட்டை கடித்த தழும்பு என்றோ விட்டுவிடக்கூடும்.

பாதத்தில் பரவும் கறுப்பு, இரத்தம் கசியும் மரு, ஒரு மாதமாகியும் ஆறாத புண், பழைய தீக்காய வடுவில் எழும் தடிப்பு ஆகியவற்றை உடனே மாத்தளை வைத்தியசாலையில் காட்டுங்கள். அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை; ஒரு நாள் பேர்தான் போகும். சிறு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினால், முடிவை அறிய மறுமுறையும் போகவேண்டும்.