முப்பத்தோராம் நாளுக்குப் பின்னர்

நம்மவர் வீடொன்றில் மரணம் நேர்ந்துவிட்டால் அவ்வீட்டார் தனித்திருக்க ஊரார் விடுவதில்லை. முற்றத்திலே பந்தல் எழும். அயல்வீடுகளிலிருந்து உணவு வரும். இரவிலே துணைக்குப் படுக்க உறவினர் வந்து சேர்வர். எட்டுச் செலவு, அந்தியேட்டி என ஒன்றன்பின் ஒன்றாகக் காரியங்கள் நிகழும். முப்பத்தோராம் நாட் கிரியைகளும் முடிந்தபின் பந்தல் பிரிக்கப்படும். இரவல் வாங்கிய கதிரைகள் உரியவரிடம் போய்ச் சேரும். தூரத்து உறவினர் பஸ் ஏறுவர். அன்றிரவுதான் அந்த வீட்டில் உண்மையான தனிமை குடிபுகுகின்றது.

எல்லா வீடுகளுக்கும் பொதுவான இவ்வுண்மை, கடமையின்போது உயிரிழந்த பொலிஸ் உத்தியோகத்தரின் வீட்டிலே இருமடங்கு கடுமையாகத் தோன்றும். காலையிலே சீருடை அணிந்து வாசலைக் கடந்தவர் மாலையில் உயிருடன் திரும்பவில்லை. சவ ஊர்வலத்திலே அணிவகுப்பு நடைபெறுகின்றது. பெட்டியின்மேற் கொடி போர்த்தப்படுகின்றது. மேலதிகாரிகள் வந்து கைகூப்புகின்றனர். பத்திரிகைகளிலே படம் வெளியாகின்றது. சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிடுகின்றன. வீட்டில் எஞ்சுவன ஒரு சீருடையும், நிரப்பவேண்டிய பத்திரங்களும், எப்பொழுது முடியுமென்று தெரியாத ஒரு வழக்குமே.

மாண்டவரை நினைவுகூர நாம் மறந்தவர்களல்லர். 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி, உத்துவன்கந்தைச் சரதியேலைப் பிடிக்கச் சென்ற வேளையிற் சபான் என்னும் கொன்ஸ்டபிள் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கையிலே கடமையின்போது உயிர்நீத்த முதலாவது பொலிஸ் உத்தியோகத்தராக அவர் போற்றப்படுகின்றார். ஆண்டுதோறும் அதே திகதியிலே பொலிஸ் வீரர் தினம் அனுட்டிக்கப்படுகின்றது. இது தக்கதே. ஆயினும், மாண்டவருக்குச் செய்யும் மரியாதை வேறு. அவரை இழந்தவருக்குச் செய்யும் துணை வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாறுவது உலகெங்குமுள்ள வழக்கம். அவ்வேமாற்றத்தை முதலில் உணர்ந்து, அதற்கு மாற்றும் கண்டவர்கள், அமெரிக்காவிலே கணவரை இழந்த சில இளம் பெண்கள்.

பத்துப் பெண்கள்

அமெரிக்காவில் மே மாதம் 15ஆந் திகதியைக் கடமையில் உயிர்நீத்த பொலிஸாரின் நினைவு நாளென ஜனாதிபதி கெனடி 1962இற் பிரகடனஞ் செய்தார். 1982 தொடக்கம் அந்நாளையொட்டி வாஷிங்டன் நகரிலே தேசிய நினைவு வைபவமும் நடைபெறத் தொடங்கியது. மறு ஆண்டு வைபவத்துக்கு வந்தவர்களுட் பத்து இளம் விதவைகள் மே 14ஆந் திகதி ஒன்றுகூடித் தம் மனக்குறைகளைப் பேசிக்கொண்டனர். கணவர் சேவை செய்த திணைக்களங்களிலிருந்து தாம் எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை என்பதே அவர்கள் எல்லோருடைய குறையுமாயிருந்தது. தனக்கு மாத்திரம் நேர்ந்ததென ஒவ்வொருவரும் எண்ணியிருந்த புறக்கணிப்பு எல்லோருக்கும் நேர்ந்ததென்பதை அன்றுதான் அறிந்தனர்.

அந்த உரையாடலின் பயனை நன்குணர்ந்தவர் சூசி சோயர் என்னும் மாது. சரியாக ஓராண்டின் பின்னர், 1984 மே 14இல், முதலாவது தேசியக் கருத்தரங்கு கூடியது. அதற்கு வந்திருந்த 110 உறவினர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைக்கத் தீர்மானித்தனர். ‘கன்சேர்ன்ஸ் ஒஃப் பொலிஸ் சர்வைவர்ஸ்’ என்பது அதன் பெயர். முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘கொப்ஸ்’ என்று வரும். அமெரிக்கரின் பேச்சு வழக்கிலே பொலிஸாரைக் குறிக்குஞ் சொல்லும் அதுவே. அன்று 110 பேருடன் தொடங்கிய அச்சங்கத்திலே இன்று பல்லாயிரவர் அங்கம் வகிக்கின்றனர். 2003இல் ஐக்கிய இராச்சியத்திலும் இதே நோக்குடன் ஒரு சங்கம் தோன்றிற்று.

துக்கச் செய்தியைச் சொல்லும் முறை

இச்சங்கத்தார் கண்ணீரோடு நின்றுவிடவில்லை. தமக்கு நேர்ந்த தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, திணைக்களங்கள் கைக்கொள்ளவேண்டிய முறைகளை வகுத்துக் கொடுத்தனர். மரணச் செய்தியைத் தொலைபேசியிற் சொல்லுதல் ஆகாது; நேரிலே சென்று சொல்லவேண்டும்; தனியொருவர் போகாது இருவராகப் போகவேண்டும். காயமுற்றவர் வைத்தியசாலையில் இருப்பாராயின் குடும்பத்தாரைத் தாமதியாது அங்கே அழைத்துச் செல்லவேண்டும். பார்க்க விரும்புபவரைத் தடுத்தல் கூடாது. உபகாரச் சம்பளம், காப்புறுதி முதலியவற்றைக் கவனிக்க ஒருவரை நியமிக்கவேண்டும். வழக்கு நடைபெறும் நாட்களிற் குடும்பத்தார் நீதிமன்றத்திலே தனித்து அமர விடலாகாது. மரணச் சடங்கோடு தொடர்பை அறுத்துவிடாமல், ஆண்டு நினைவு நாட்களில் அக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளவேண்டும்.

இவை பெரிய தத்துவங்களல்ல. ஆயினும் இவற்றைச் சொல்வதற்கு, அச்செய்தியைக் கேட்ட ஒரு காது வேண்டியிருந்தது. நீதிமன்ற வாங்கிலே தனித்திருந்த ஒரு நெஞ்சும் வேண்டியிருந்தது.

தாயின் துயர் வேறு, தாரத்தின் துயர் வேறு

இச்சங்கத்தின் நடைமுறையில் எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது ஒன்றுண்டு. துயருற்றோர் யாவரையும் ஒரே கூட்டமாக அவர்கள் அமர்த்துவதில்லை. மனைவியர் அல்லது கணவருக்கு ஒரு கூட்டம், பெற்றோருக்கு ஒன்று, உடன்பிறந்தாருக்கு ஒன்று, திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தவர்களுக்கு ஒன்று, மாண்டவருடன் வேலைசெய்த தோழர்களுக்கும் ஒன்று.

இதன் நுட்பத்தைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். மனைவிக்கு உபகாரச் சம்பளம் உண்டு. சபையிலே முதலிடமும் உண்டு. பெற்ற தாயோ பின்வரிசையிலே நிற்கின்றாள். “மருமகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று வருவோர் அவளிடமே சொல்லிச் செல்கின்றனர். தம்பியிடம் “அம்மாவைப் பார்த்துக்கொள்” என்கின்றனர். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பார் இல்லை. மணநாள் குறிக்கப்பட்டிருந்த பெண்ணுக்கோ சட்டத்திலும் இடமில்லை, சடங்கிலும் இடமில்லை. அருகிலே நின்ற தோழன், ‘குண்டு அவன்மேற் பாயாது என்மேற் பாய்ந்திருக்கலாமே’ என்று இரவெல்லாம் விழித்திருப்பான். அதைத் தன் மனைவியிடங்கூடச் சொல்லமாட்டான். இவ்வாறு ஒரே வீட்டில் ஒரே மரணம் பல துயரங்களாகப் பிரிகின்றது. தாய்க்குத் தாயும் தம்பிக்குத் தம்பியும் துணையாகும்போதே விளக்கம் வேண்டாத பேச்சு பிறக்கின்றது.

சிறுவர்க்கு வேறு வழி கண்டுள்ளனர். ஆறு வயது முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் கோடை விடுமுறையில் தம் தாயுடனோ தந்தையுடனோ ஒரு முகாமுக்குச் செல்வர். அங்கே நீந்துவர், விளையாடுவர், பேச விரும்பின் பேசுவர். பள்ளிக்கூடத்திலே ‘அப்பா செத்துப்போன பிள்ளை’ என்று தனித்து நோக்கப்பட்ட சிறுவன், அங்கே எல்லாரையும் போன்ற ஒரு சிறுவனாகிவிடுகின்றான்.

நாம் செய்த தவறு

இதனைப் படித்தபோது எமக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது, நெஞ்சு சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய தந்தையார் பொலிஸ் உத்தியோகத்தர். இரவுக் கடமையில் வீதியிலே நின்றபோது லொறியொன்று மோதி இறந்தார். மரண வீட்டுக்குச் சென்ற நாம், ஆசிரியர் என்ற உரிமையில் அவன் தோளைத் தட்டி, “இனி நீதான் இந்த வீட்டுக்கு ஆண்பிள்ளை. அம்மாவுக்கு முன்னால் அழக்கூடாது” என்று சொன்னோம். நல்லது சொன்னோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினோம்.

பையன் சொற்கேட்பவன், அழவில்லை. மூன்று மாதங்களில் அவனது அப்பியாசக் கொப்பிகள் வெறுமையாயின. ஒருநாள் தாயார் கல்லூரிக்கு வந்து எம்மைக் கண்டார்.

“சேர், பிள்ளை அழுகிறானில்லை. அவன் அழாதபடியால் எனக்கும் அழ ஏலாமல் கிடக்கு” என்றார்.

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. எம் தந்தையார் அப்பொழுது உயிரோடு இருந்தார். அப்பையனிடம் எதைச் சொல்வதற்கு எமக்குத் தகுதி இருந்தது? மேல் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய தந்தை கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. அவனை அழைத்து, “தம்பியோடு கொஞ்சம் இரு” என்று மாத்திரம் சொன்னோம். இருவரும் பின்னேரங்களில் விளையாட்டு மைதானத்து வேப்பமரத்தின்கீழ் இருப்பதைக் கண்டோம். பேசியதை நாம் கேட்கவில்லை. சில வாரங்களின் பின் ஒருநாட் சிறியவன் முழங்காலில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தான். பெரியவன் தடுக்காமற் பக்கத்திலே இருந்தான். பின்னொருகால் பெரியவனிடம் என்ன சொன்னாய் என்று வினவினோம். “எனக்கும் அழக்கூடாதெண்டுதான் சொன்னவை, சேர். அது பிழையெண்டு சொன்னன்” என்றான். எமக்குச் சொன்ன பாடமாகவே அதனை ஏற்றோம்.

நீல விளக்கு

துயர்பகிரும் துணை எல்லா நோய்க்கும் மருந்தென்று நாம் கூறவரவில்லை. உறக்கமின்மையும் அச்சமும் நீடிப்பின் வைத்தியரின் உதவி வேண்டும். வறுமை வந்துற்றால் வெறும் ஆறுதல் போதாது. ஆயினும் வைத்தியரும் அரசாங்கமும் தரவியலாத ஒன்றைத் துயர் கடந்தவரே தரவல்லார். ‘இதைத் தாண்டியும் ஒருவர் உயிர்வாழலாம்’ என்பதற்கு அவரே சான்று.

1980களின் இறுதியில், பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த தன் மருமகனையும், அவரைத் தொடர்ந்து தன் மகளையும் இழந்த ஓர் அமெரிக்கத் தாய், நத்தார்க் காலத்திலே தன் யன்னலில் இரண்டு நீல விளக்குகளை ஏற்றப்போவதாகச் சங்கத்துக்கு எழுதினார். சங்கத்தார் அதனை ஒரு வழக்கமாக்கினர். இன்று அப்பண்டிகைக் காலத்திலே பற்பல வீடுகளின் யன்னல்களில் நீல ஒளி தெரிகின்றது. அவ்வழியாற் செல்லும் விதவை ஒருத்தி அதனைக் காணும்போது, தன் வீட்டாரை மறவாதவர் இன்னும் இருக்கின்றனர் என்று அறிவாள்.

நம் தெருவிலும் அத்தகைய வீடு ஒன்று இருக்கலாம்; பொலிஸ்காரரின் வீடாகவே இருக்கவேண்டுமென்பதில்லை. அந்தியேட்டிக்குப் போய் உணவருந்தி வந்துவிட்டோம் என்று நாம் அமைதியடைய வேண்டாம். முப்பத்திரண்டாம் நாளும் அவ்வீட்டுப் படலையைத் திறப்போம். அவர்களைப்போல் இழந்து மீண்ட ஒருவரை அறிவோமாயின், அவரையும் உடன் அழைத்துச் செல்வோம். “அழாதே” என்று மாத்திரம் சொல்லாதிருப்போம்.