இலவு பூத்த வனம்

பின்பனிக் காலத்தில் வனம் காணச் செல்வது வீண் என்றே யானும் எண்ணியிருந்தேன். சென்ற பிப்ரவரியில் ஒரு விடுமுறை நாளன்று, போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிற்குக் குடும்பத்துடன் சென்றபோது அவ்வெண்ணம் மாறிற்று.

மும்பையையொட்டி ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள காடு அது. கன்னேரிக் குகைகளுக்குச் செல்லும் வழியில் தேக்கு மரங்கள் இலையுதிர்த்து நின்றன.

"இவை பட்டுவிட்டனவா, அப்பா?" என்று வினவினாள் மகள்.

"இல்லையம்மா. ஜூன் வரை இங்கு மழையில்லை; உள்ள நீரைக் காக்கவே இலைகளைத் துறக்கின்றன" என்றேன்.

சற்றுத் தொலைவில், முள் அடர்ந்த மரமொன்றின் வெறுங்கிளைகளெங்கும் செம்மலர்கள்! மைனாக்கள் தேனருந்திக்கொண்டிருந்தன.

"சாவர்!" என்று பள்ளியில் கற்ற மராத்திப் பெயரைக் கூவினாள் மகள். அதுவே இலவு என்றதும் திகைத்து நின்றாள். 'இலவு காத்த கிளி' என்னும் பழமொழியை நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் பிழையின்றி ஒப்புவித்தவள் அவள்! அடுத்து அவள் 'பளஸ்' என்று காட்டியதோ, அவளுடைய பாட்டி வாழும் புரசைவாக்கத்திற்குப் பெயர் தந்த புரசு.

குறை அவளுடையதன்று, சொல்லைக் கொடுத்து மரத்தைக் காட்டாத என்னுடையது. பொருளறியாது ஒப்புவித்த சொல், முற்றிய இலவங்காய்போல் பஞ்சாய்ப் பறந்துவிடும்.

அன்பர்களே, பூ உதிருமுன் குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். இரு மொழிப் பெயர்களும் அவர்கள் நாவில் நிலைக்கட்டும்.