கைத்தறித் தொழிலுக்கும் காப்புறுதி: பத்திரத்தில் ஒப்பமிடுமுன் கவனிக்க வேண்டியவை

எமது வியாபாரிகளில் பலர் இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டுமே காப்புறுதியை நாடுகிறார்கள். வாகனத்துக்குச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கடன் எடுத்தால் வங்கி கட்டாயப்படுத்துகிறது. யாரும் கட்டாயப்படுத்தாத இடத்தில், முழு முதலும் முடங்கிக் கிடக்கும் தொழிற்கூடம் பாதுகாப்பின்றியே இருந்துவிடுகிறது.

மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 2004 டிசம்பர் 26 இல் வந்த சுனாமி அங்கு உயிர்களையும் வீடுகளையும் மட்டுமன்றித் தறிகளையும் நூலையும் கூடக் கொண்டுபோனது. 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் 2019 இல் மினுவாங்கொடையிலும் நடந்த வன்செயல்களில் கடைகள் எரிந்தன. இவ்வாறான இழப்புகளின் பின் மீண்டும் தொழில் தொடங்க நிவாரணம் மட்டும் போதாது.

காப்புறுதி முகவரைச் சந்திக்குமுன் ஒரு தாளை எடுத்து உங்கள் உடைமைகளை எழுதுங்கள். கட்டடம், தறிகள், பாவோட்டும் உபகரணங்கள், நூல், சாயம், நெய்து முடித்த சாரன்கள், சாரிகள் எனத் தனித்தனியாக இருக்கட்டும். வீட்டின் ஒரு பகுதியில் தறி போட்டிருப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. குடியிருப்புக்கென எடுத்த வீட்டுக் காப்புறுதி அங்கு நடக்கும் தொழிலையும் பாதுகாக்கும் என்று நம்பியிருப்பது ஆபத்தானது. முக்கியமான விபரத்தை மறைத்தால், அதையே காரணம் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்க முடியும்.

நூலைக் கொடுத்துக் கூலிக்கு நெய்விப்பவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். பத்திரத்தில் உங்கள் களஞ்சியத்தின் முகவரி மட்டும் இருந்தால், நெசவாளியின் வீட்டில் இருக்கும் நூலுக்குப் பாதுகாப்பில்லை. நெசவாளி தன் பெயரில் காப்புறுதி எடுத்திருந்தாலும், பிறருடைய பொருள் தன்னிடம் இருப்பதை அதில் சேர்த்திருக்க வேண்டும். கொழும்புக்கு லொறியில் அனுப்பும் சரக்குக்கும் தனியான காப்புறுதி தேவை.

அடுத்தது, எந்தெந்த ஆபத்துக்களுக்குப் பாதுகாப்பு என்பது. அடிப்படைத் தீக் காப்புறுதி என்பது தீயையும் மின்னலையும் பிரதானமாகக் கொண்டது. வெள்ளம், சூறாவளி, சுனாமி, களவு போன்றவற்றைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வேலைநிறுத்தம், கலகம், மக்கள் கிளர்ச்சி, பயங்கரவாதம் என்பனவும் அவ்வாறே. இவற்றுக்கான நிதியம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் இயங்குகின்றது. நீங்கள் எடுக்கும் பத்திரத்தினூடாகவே அதில் சேர முடியும். சில நூறு ரூபாவை மிச்சப்படுத்த இதை விட்டுவிடுபவர்கள், கலவரம் நடந்த மறுநாள்தான் தீக் காப்புறுதி வேறு, கலகக் காப்புறுதி வேறு என்பதை அறிகிறார்கள்.

பலரும் ஏமாறும் இடம் பெறுமதி. 20 இலட்சம் ரூபா பெறுமதியான சரக்கை 10 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தீயில் 4 இலட்சம் ரூபா சரக்கு எரிந்தால் 4 இலட்சமும் கிடைக்கும் என்றே நினைப்பீர்கள். ஆனால் பத்திரத்தில் ‘சராசரி நிபந்தனை’ இருந்தால் 2 இலட்சமே கிடைக்கும். பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவருக்குப் பாதி நட்டஈடு என்பதே கணக்கு. அதிலிருந்தும் நீங்களே பொறுக்க வேண்டிய ஆரம்பத் தொகையைக் கழிப்பார்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து பொருட்களின் விலை பெருமளவு உயர்ந்தது. அதற்கு முன் குறித்த தொகையை மாற்றாமல் ஆண்டுதோறும் புதுப்பித்து வருபவர்கள் இன்றே அதைத் திருத்த வேண்டும். பெருநாளுக்கு முன் சரக்குக் குவியும் மாதங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். வங்கிக்காக எடுத்த காப்புறுதி கடன் தொகைக்கு மட்டுமா, முழுச் சொத்துக்குமா என்பதையும் பாருங்கள்.

தொழிலாளர்களையும் மறந்துவிடக் கூடாது. வேலையின்போது காயம் ஏற்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பதை 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அப்பொறுப்பையும் காப்புறுதி செய்யலாம்.

வட்டியையும் நிச்சயமின்மையையும் அஞ்சி காப்புறுதியே வேண்டாம் என்றிருப்பவர்களுக்குத் தகாபுல் முறை உண்டு. இலங்கையில் அது 1999 முதல் நடைமுறையில் இருக்கிறது. பங்காளிகள் தபர்ருஃ எனும் நன்கொடையாக நிதியில் பணம் இடுகிறார்கள். நிறுவனம் அந்நிதியை நிர்வகித்துக் கட்டணம் பெறுகிறது. நிதியில் மீதி இருந்தால் ஒரு பகுதி பங்காளிகளுக்குத் திரும்பக் கிடைக்கலாம். ஆனால் தகாபுல் என்ற பெயரைக் கண்டதும் வாசிக்காமல் ஒப்பமிட வேண்டாம். மேலே சொன்ன வெள்ளம், கலகம், சராசரி நிபந்தனை எல்லாவற்றையும் அங்கும் கேட்க வேண்டும்.

முகவர் நிறுவனத்தின் சார்பில் விற்பவர்; தரகர் உங்கள் சார்பில் பல நிறுவனங்களிடம் விலை கேட்பவர். முகவர் தான் சார்ந்த நிறுவனத்தில் பதிவு பெற்றவரா, தரகர் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். குறைந்தது மூன்று இடங்களில் எழுத்தில் விலை கேளுங்கள். பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாய்மொழி வாக்குறுதி கோரிக்கை வேளையில் செல்லாது.

இழப்பு நேர்ந்தால் உடனே அறிவியுங்கள். களவு, கலகம் என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எரிந்த நூலையும் வீசிவிடாமல் படமெடுத்து வையுங்கள். கொள்வனவுச் சிட்டைகளும் கணக்குப் புத்தகமும் தொழிற்கூடத்திலேயே இருந்து எரிந்துபோனால் உங்கள் கோரிக்கைக்கு அத்தாட்சியே இல்லாது போகும். பிரதியொன்று வேறிடத்தில் இருக்கட்டும். தீர்ப்பு நியாயமற்றதெனத் தோன்றினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, பின்னர் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ ஆணைக்குழுவிடமோ செல்லலாம்.

ஏற்கனவே பத்திரம் வைத்திருப்பவர்கள் இன்றிரவே அதை எடுத்து மூன்று விடயங்களைப் பாருங்கள்: எந்த முகவரி, எந்த ஆபத்து, எவ்வளவு தொகை. மூன்றில் ஒன்று பிழையாக இருந்தாலும் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்காமல் திருத்திக்கொள்ளுங்கள்.