டிவிடி வட்டுகளும் காப்புப்படிகளும்: தமிழாசிரியர்தம் தொகுப்புகளைப் பேணும் முறை

முன்னுரை

ஏட்டுச்சுவடிகளின் செல்வம் நமக்குக் கிட்டியமைக்கு அவை தலைமுறைதோறும் படியெடுக்கப்பட்டமையே முதற்காரணம் எனலாம். உ.வே.சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடத்தை உறுதிசெய்ய இயன்றதும் இதனாலேயே ஆகும். படியெடுத்தல், ஒப்புநோக்குதல் எனும் இவ்விரு பணிகளும் இன்று நம் இல்லத்து அலமாரிகளில் உள்ள டிவிடி வட்டுகளுக்கும் இன்றியமையாதனவாகின்றன. அவ்வட்டுகளுக்கு நம்பகமான காப்புப்படி எடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஜொகூர் பாருவின் புறநகர்ப் பகுதியான தம்போயில் வாழும் தமிழாசிரியர் ஒருவரின் தொகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடையில் வாங்கிய திரைப்பட வட்டுகள் ஒருபுறம் இருக்கும். பள்ளி ஆண்டு விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா, முதியோர் நேர்காணல் எனத் தாமே பதிவுசெய்த வட்டுகள் மறுபுறம் இருக்கும். முன்னவற்றுள் பலவற்றை வேறிடத்தில் தேடிப் பெறலாம். பின்னவற்றுள் பலவற்றுக்கு வேறு படி எங்கும் இராது. ஜொகூரின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இந்நாளில், அத்தகைய பதிவுகள் ஆய்வாளர்க்கு மூலச் சான்றுகளாகும்.

வட்டு பழுதடையும் முறை

டிவிடி வட்டு 120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது, 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரு நெகிழித் தகடுகள் ஒட்டப்பட்டு உருவாவது. கடையில் விற்கப்படும் திரைப்பட வட்டுகளில் தரவு நுண்குழிகளாக அச்சிடப்பட்டிருக்கும். நாம் ஒருமுறை பதிவுசெய்யும் வட்டுகளிலோ கரிமச் சாயப் படலம் ஒன்றே தரவைத் தாங்குகிறது. வெயில், வெப்பம், ஈரப்பதம் ஆகியன அச்சாயத்தைச் சிதைக்கும். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, வட்டுகளை 4 முதல் 20 பாகை செல்சியசு வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் வைக்கப் பரிந்துரைக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய தம்போயில் சாளரம் திறந்த அறையொன்றில் இவ்விரு வரம்புகளும் மீறப்படுவது இயல்பே.

இங்கு நாம் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டிவிடியில் பிழைதிருத்தக் குறிமுறை அமைந்துள்ளது. சிறு சிதைவுகளைக் கருவி தானே திருத்திக் காட்டுவதால் படம் தடையின்றி ஓடும். சிதைவு திருத்தக்கூடிய எல்லையைக் கடந்தபின்னரே காட்சி உறையும். வட்டு படிக்கப்படாது போகும். எனவே, நேற்றுவரை ஓடியது என்பது வட்டு நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. பழுது வெளிப்படும் முன்னரே படியெடுத்தல் வேண்டும்.

சட்ட நிலை

விற்பனைத் திரைப்பட வட்டுகள் பலவற்றில் 1996ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள மறையாக்கப் பூட்டு இடப்பட்டுள்ளது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு, அத்தகைய தொழில்நுட்பக் காப்பினை மீறுவதை, அப்பிரிவே கூறும் விலக்குகள் நீங்கலாக, தடைசெய்கிறது. ஆகவே, நாமே பதிவுசெய்தவற்றையும் உரிமையாளரிடம் இசைவு பெற்றவற்றையும் முதலில் எடுத்துக்கொள்வதே முறையாகும். ஈடற்றவையும் அவையே.

படியெடுக்கும் முறை

முதலாவதாக, ஒவ்வொரு வட்டுக்கும் எண்ணிட்டு நிகழ்ச்சி, இடம், நாள், பேசுவோர் ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். வட்டின் மேற்பரப்பில் நீர்மை மையால் மட்டுமே எழுதலாம். தூசியைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் நன்று.

இரண்டாவதாக, வட்டு முழுமையையும் ஐஎஸ்ஓ எனப்படும் ஒரே கோப்பாக வன்தட்டில் படியெடுக்க வேண்டும். அதில் காட்சி, ஒலி, பட்டியல் ஆகிய யாவும் உள்ளவாறே அமையும். இடத்தை மிச்சப்படுத்தும் நோக்கில் எம்பி4 போன்ற சுருங்கிய வடிவத்திற்கு மாற்றினால் தரம் குறையும். அதனை வகுப்பறைப் பயன்பாட்டுக்கு மட்டும் தனியே வைத்துக்கொள்ளலாம். ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு, ஈரடுக்கு வட்டின் கொள்ளளவு 8.5 கிகாபைட்டு ஆகும். அறுபது ஓரடுக்கு வட்டுகளுக்கு 282 கிகாபைட்டே போதும். வீட்டுப் பதிவுக் கருவியில் எடுத்து, நிறைவுசெய்யப்படாத வட்டுகளைக் கணினி படிக்க மறுக்கக்கூடும். பழைய கருவியை அப்புறப்படுத்தும் முன் அதிலேயே அவற்றை நிறைவுசெய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, பழுதடைந்த வட்டுகளைக் கையாளுதல். இத்தகைய வட்டை வேறொரு படிப்பியில் இட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று படிக்காததை மற்றொன்று படிப்பதுண்டு. இலவயமாகக் கிடைக்கும் குனு டிடிரெசுக்யூ எனும் மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் மீட்டுப் பின்னரே சிதைந்த பகுதிகளுக்குத் திரும்பும். மீட்கப்பட்ட இடங்களை அது குறித்துவைப்பதால், மற்றொரு படிப்பியைக் கொண்டு விடுபட்டவற்றை மட்டும் நிரப்ப இயலும்.

ஒப்புநோக்குதல்

படியெடுத்தலோடு பணி முடிவதில்லை. ஷா-256 எனும் கணிப்புமுறை, கோப்பு எவ்வளவு பெரியதாயினும் அதற்கு 64 குறிகள் கொண்ட சரிபார்ப்பு எண் ஒன்றைத் தரும். கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் முற்றிலும் வேறாகும். முதற்படியின் எண்ணைப் பட்டியலில் குறித்துவைத்து, ஏனைய படிகளின் எண்களோடு ஒப்பிட வேண்டும். ஆண்டுக்கொருமுறை இதனை மீண்டும் செய்தல் நலம். ஏடுகளை வரிவரியாக ஒப்பிட்ட பதிப்பாசிரியரின் பணியை இன்று கணினி சில நிமிடங்களில் செய்துதருகிறது. ஒப்பிடப்படாத படியைக் காப்புப்படி எனக் கொள்ளல் ஆகாது.

படிகளின் எண்ணிக்கையும் இடமும்

மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட நெறியாகும். மூல வட்டு ஒன்று, வீட்டு வன்தட்டு ஒன்று, வெளியூர் உறவினரிடம் உள்ள வன்தட்டோ இணையச் சேமிப்போ ஒன்று என இதனை அமைத்துக்கொள்ளலாம். 2006ஆம் ஆண்டு திசம்பரிலும் 2007ஆம் ஆண்டு சனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய வெள்ளத்தில் சிகாமட், கோத்தா திங்கி முதலிய இடங்களில் வீடுகள் மூழ்கின. ஒரே வீட்டில் பத்துப் படிகள் இருப்பினும் அத்தகைய வெள்ளத்தில் பத்தும் அழியும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் மீளவேயில்லை என்பது நாம் அறிந்ததே.

முடிவுரை

மேற்கூறியவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எதுவுமில்லை. ஒரு கணினி, ஒரு படிப்பி, இரு வன்தட்டுகள் போதும். ஆயின், புதிய மடிக்கணினிகள் பல படிப்பியின்றியே விற்கப்படுகின்றன. காலம் தாழ்த்தத் தாழ்த்த வட்டும் நலியும், கருவியும் அரிதாகும். தொகுப்பு முழுவதையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. வேறு படியே இல்லாத ஒரு பதிவை, குறிப்பாக இன்று நம்மிடையே இல்லாத ஒருவரின் குரல் அடங்கிய வட்டை, முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒப்பிடப்பட்ட இரு படிகள் அமைந்தபின் அடுத்ததற்குச் செல்வது எளிதாகும்.