கிணறு தோண்டவில்லை, காட்டைக் காத்தார்கள்!

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். சைக்கிள் ஓட்டுவார்கள். வெள்ளி அருவி முன்னே நின்று போட்டோ பிடிப்பார்கள். "அப்பாடா, என்ன குளுமை!" என்பார்கள்.

"இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்பவர்கள் மட்டும் குறைவு.

அந்தத் தண்ணீர் பிறக்கும் காட்டைக் காப்பதற்காகவே இரண்டு வெள்ளைக்காரர்கள் இந்த மலையில் வந்து தங்கினார்கள். பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்று பெயர். இருவரும் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள். 1980-களில் வந்து, ஊருக்கு வெளியே வட்டக்கானலில் குடியிருந்து, ஆண்டுக்கணக்கில் நாற்று வளர்த்தார்கள்.

ஏழை ஜனங்களுக்கு நல்ல தண்ணீர் தருவதற்காக வெளிநாட்டுத் தொண்டர்கள் கடல் தாண்டி வருவது உலகம் முழுக்க நடப்பதுதான். பலர் இரண்டு வாரம் வருவார்கள். கிணறு தோண்டுவார்கள், பம்பு வைப்பார்கள், ஊர் திரும்புவார்கள். பழனி மலைக் கதை அப்படி அல்ல.

காலராவுக்குப் பயந்து...

கொடைக்கானல் என்ற ஊர் உருவானதே நோய்க்குப் பயந்துதான்!

1834-ம் ஆண்டு அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் மதுரையில் வேலையைத் தொடங்கினார்கள். காலராவும் விஷக் காய்ச்சலும் அவர்களை வாட்டின. பலர் மாண்டார்கள். முதலில் சிறுமலைக்குப் போனார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை.

கடைசியில் பழனி மலைக்கு ஏறினார்கள். பளியர்களும் மற்ற மலை ஜனங்களும் காலங்காலமாக வாழ்ந்துவந்த மலை அது. 1845-ம் ஆண்டு, ஏறக்குறைய 7 ஆயிரம் அடி உயரத்தில், 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஊர் பிறந்தது.

கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று அந்தக் காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். அசுத்தத் தண்ணீர்தான் காரணம் என்று லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ 1854-ல் ஒரு தெருப் பம்பை வைத்தே எடுத்துக் காட்டினார். 1884-ல் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக், கல்கத்தாக் குளத்துத் தண்ணீரிலேயே கிருமியைக் கண்டார்.

ஆக, மலைக்கு ஓடிவந்த பாதிரிமார்களுக்குக் கிடைத்தது குளிர்ந்த காற்று மட்டுமல்ல. சுத்தமான ஓடைத் தண்ணீரும்தான்.

1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்சு ஓர் ஓடையை மறித்துக் கரை போட்டார். அதுதான் இன்று எல்லோரும் படகு விடும் ஏரி.

சமவெளிக்கு அடிபம்பு

மிஷன்காரர்கள் தங்களுக்கு மட்டும்தான் தண்ணீர் தேடினார்கள் என்று சொல்ல முடியாது.

1960-களில் பஞ்சம் வந்தபோது மராட்டிய மாநிலத்தில் அவர்கள் துளைக்கருவி கொண்டுவந்து ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். ஆனால், அப்போது இருந்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு வீட்டுக்குத்தான் லாயக்கு. ஊரே வரிசையில் நின்று அடித்தால் தாங்குமா? கொஞ்ச நாளில் உடைந்தன.

ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் இருந்த மிஷன் தொண்டர்கள் பட்டறையில் உட்கார்ந்து, எஃகில் உறுதியான பம்பு செய்தார்கள். அதை ஐ.நா. குழந்தைகள் நிதியமும் தமிழ்நாடு குடிநீர் வாரியமும் 1970-களில் கோவைப் பக்கத்துக் கிராமங்களில் வைத்துச் சோதித்தன. அப்படி வந்ததுதான் தெருவுக்குத் தெரு நாம் பார்த்த 'இந்தியா மார்க்-2' அடிபம்பு! பிறகு ஆப்பிரிக்கா வரைக்கும் போயிற்று.

பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை மேலே கொண்டுவரப் பம்பு போதும். மலையிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு? அதற்குக் காடு வேண்டும்.

பஞ்சு போன்ற காடு

பழனி மலையின் மேடுகளில் புல்வெளி. மடிப்புகளில் சோலைக்காடு. இரண்டும் சேர்ந்ததுதான் மலையின் தண்ணீர்த் தொட்டி.

மழை கொட்டும்போது புல்லும் சோலை மண்ணும் பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும்.

வடக்கே இறங்கும் ஆறுகள் பழனி வட்டார அணைகளை நிரப்பி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. தெற்கே வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகைக்குப் போகின்றன. பேரிஜம் ஏரித் தண்ணீரைப் பெரியகுளம் குடிக்கிறது. கொடைக்கானல் ஊர் குடிப்பதும் மேலே உள்ள பழைய அணை, மனோரஞ்சிதம் அணைத் தண்ணீரைத்தான்.

மலையில் ஒரு சோலை போனால், மதுரை வரைக்கும் அதன் பாதிப்பு இறங்கும்.

"தரிசு" என்று நினைத்தார்கள்

போன நூற்றாண்டில் இந்தப் புல்வெளியைத் தரிசு நிலம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரம், மரக்கூழுக்கு யூகலிப்டஸ், அதோடு பைன் என்று மலை மலையாக நட்டார்கள். மரம் நடுவது நல்லதுதானே என்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். புல்வெளியை எடுத்துவிட்டு யூகலிப்டஸ் நட்ட இடத்தில், முதல் 10 ஆண்டில் ஓடைத் தண்ணீர் 16 சதவீதம் குறைந்திருந்தது!

இன்னொரு அடியும் விழுந்தது. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1983-ல் கொடைக்கானலுக்கு வந்தது. அது நின்ற இடம் பாம்பாறு சோலைக்கு மேலே. அந்தப் பாம்பாறுதான் கீழே கும்பக்கரை அருவியாக விழுகிறது.

2001-ம் ஆண்டு மார்ச் மாதம், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஊர் ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். இந்துஸ்தான் லீவர் கையில் இருந்த அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு 2016-ல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

நாற்றங்காலில் இருவர்

ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் பாதிரியார் கே.எம்.மேத்யூ. செடிகொடி ஆராய்ச்சியில் பெரிய படிப்பாளி. கொடைக்கானலில் புகுந்துவிட்ட வெளிநாட்டுச் செடிகளைப் பற்றி 1969-லேயே நூல் எழுதியவர். 1985-ல் பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கியது.

அந்தக் காலத்தில் வந்தவர்கள்தான் பாப்பும் தான்யாவும். அவர்களிடம் பெரிய எந்திரம் எதுவும் இல்லை. சோலைக்குள் நடந்து விதை பொறுக்கினார்கள். எந்த விதை எப்போது முளைக்கும், எதற்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்று வளர்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். சோலை மரங்களோடு, மலைப் புல்லையும் நாற்றாக வளர்த்தார்கள். 'வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை' அந்த வேலைக்காக ஏற்பட்டதுதான்.

யூகலிப்டஸையும் வாட்டிலையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. பழைய தோட்டங்களின் நிழலில் பல இடங்களில் சோலைக் கன்றுகள் தானாக முளைத்து நிற்கின்றன. வெட்டும்போது அவையும் மிதிபடும்; மண்ணும் கரையும். எந்த இடத்தில் வெட்டுவது, எந்த இடத்தில் விட்டுவைப்பது என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் முடிகிற வேலையா இது? தங்கி இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாட்டிலுக்கு 20 ரூபாய்

சீசனில் கார் மேல் கார் ஏறுகிறது. 2024-ம் ஆண்டு மே மாதம் முதல், ஐகோர்ட்டு உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் கொண்டுபோனால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்றும் அதே ஆண்டில் அறிவித்தார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். ஆறுகள் பிறக்கும் மலைக்கு, கீழே இருந்து பாட்டிலில் தண்ணீர் கட்டிக்கொண்டு போகிறோம்! குடித்துவிட்டு ஓடையில் எறிகிறோம். மழை வந்தால் அது பெரியகுளத்துப் பக்கமோ பழனிப் பக்கமோ இறங்கித்தானே ஆக வேண்டும்?

மலைக்குப் போகிறவர்கள் கடல் தாண்டி வந்து நாற்று வளர்க்க வேண்டாம். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கூஜாவை எடுத்துக்கொண்டு போனால் போதும். 20 ரூபாய் மிச்சம். ஓடைக்கும் நிம்மதி.