மேலிடம் சீரானால் தோட்டம் சீராகும்

ஒரு தோட்டத்து நிர்வாகத்தின் குணத்தை அறியக் கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. பெண்டாங் வட்டாரமாயினும் பிற வட்டாரமாயினும், அதிகாலைப் பிரட்டுக் களத்திலேயே அது தெரிந்துவிடும். நிர்வாகி கிராணியை இழித்துப் பேசினால், கிராணி மண்டோரிடம் சீறுவார். மண்டோர் தொழிலாளரை ஏசுவார். மேலே தோன்றிய கடுமை படிப்படியாக இறங்கி, இறுதியில் தொழிலாளரின் வீடுவரை சென்றுவிடுகிறது.

அதன் வடு மரத்திலும் பதிகிறது. பாலின் அளவை மட்டுமே கேட்டு விரட்டும் இடத்தில் வெட்டு ஆழமாகிறது, பட்டை காயப்படுகிறது, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்கிறது. பின்னர் அங்கே செவ்வனே பால்வெட்ட இயலுவதில்லை. குறையைச் சொன்னால் ஏச்சே கிடைக்கும் என அஞ்சுவோர், மரத்தின் நோயைக் கண்டாலும் வாய் திறவார். இழப்பு இரு தரப்புக்குமே.

இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை நிற்க வேண்டும். கொடுமைக்கார அலுவலரை நீக்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றெல்லாம் கேட்டனர். கூலி சிறிது உயர்ந்தது. ஆயினும் மனப்புண் ஆறவில்லை. மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைதானதும் கிளர்ச்சி பரவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மதிப்பளித்துப் பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறைகள் பல, பேசப்படாமையால் உயிர்ப்பலியில் முடிந்தன.

இன்று தொழிலாளருக்குச் சட்டத்தின் துணை உண்டு. கூலி, விடுமுறை பற்றிய முறையீடுகளைத் தொழிலாளர் இலாகாவில் தெரிவிக்கலாம். தக்க காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்படி, நீக்கப்பட்ட 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனுச் செய்யவேண்டும். நாள் கடந்தால் அந்த உரிமை கைநழுவும் என்பதை மறத்தல் கூடாது.

ஆகவே, குறை நேர்ந்த நாளையும் நடந்ததையும் எழுதி வைப்போம். தனியே சினந்து பேசாது, தொழிற்சங்கக் கிளையின் வாயிலாக ஒன்றுகூடி எடுத்துரைப்போம். நிர்வாகிகளும் ஒன்றை உணர்தல் நன்று: அச்சத்தால் பெறுவது ஒரு நாள் வேலை, மதிப்பால் பெறுவது ஆண்டு முழுவதுமான உழைப்பு.