முப்பது நாளில் ஒரு மாப்பிள்ளை

திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆண்களின் படங்கள் வந்து போகின்றன. குலம், பட்டம், வயது, குணம் எல்லாம் அலசப்படுகின்றன. பாட்டி ஒருவரைக் கழிக்கிறார், பேத்தி இன்னொருவரைக் கழிக்கிறாள். பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் படம்கூட வருகிறது. அவருக்குத் தன் நாட்டுக் கிரீடமே காத்திருக்கிறது என்பதால் அவரும் பட்டியலிலிருந்து விலக்கப்படுகிறார். 2004 ஆகஸ்டில் வெளியான ‘தி பிரின்சஸ் டைரீஸ் 2: ராயல் எங்கேஜ்மெண்ட்’ படத்தில் வரும் மாப்பிள்ளை பார்க்கும் படலம் இது. ஜெனோவியா என்ற கற்பனை நாட்டின் இளவரசி மியாவுக்கு 21 வயதாகிவிட்டது. பாட்டி கிளாரிஸுக்குப் பிறகு அரியணை ஏற வேண்டியவள் அவள்தான். ஆனால் மணமாகாத பெண் முடிசூட முடியாது என்று நாட்டின் பழைய சட்டம் சொல்கிறது. தன் உறவுக்காரப் பையன் நிக்கலஸை அரசனாக்கத் துடிக்கும் ஒரு பிரபு அதைத் தூசி தட்டி எடுத்துவர, நாடாளுமன்றம் முப்பது நாள் கெடு வைக்கிறது.

இந்தப் படத்தைப் பற்றி விமர்சகர்கள் ஒரு பக்கமும் ரசிகர்கள் இன்னொரு பக்கமுமாக இன்றுவரை நிற்கிறார்கள். 2001-இல் வந்த முதல் பாகத்தை விமர்சகர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்றார்கள். இரண்டாம் பாகத்தை ஏற்றவர்கள் கால்வாசிப் பேர்தான். முதல் பாகம் உலக அளவில் ஏறக்குறைய 16.5 கோடி டாலர் வசூலித்தது, இது 13.5 கோடியோடு நின்றது. சான்பிரான்சிஸ்கோவின் கூச்ச சுபாவமுள்ள பள்ளி மாணவி தான் ஓர் இளவரசி என்று அறிந்து மாறும் கதை முதல் பாகத்தில் இருந்தது, இதில் அப்படி எதுவும் இல்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் குறை. முதல் படத்தின் இறுதியில் முத்தமிட்ட மைக்கேல் எங்கே போனான் என்று கேட்பவர்களும் உண்டு. அவனை ஓரிரு வார்த்தையில் கடந்துவிடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, மியா யாரைக் காதலிக்கப் போகிறாள் என்பது நிக்கலஸ் முகம் காட்டும்போதே தெரிந்துவிடுகிறது என்கிறார்கள். இவ்வளவு சொன்ன பிறகும் அந்த நாளில் சிறுமிகளாக இதைப் பார்த்தவர்கள் பெரியவர்களாகித் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பழைய நினைவின் மயக்கம் என்று இதை ஒதுக்குவது சரியில்லை. விமர்சகர்கள் இதைக் காதல் கதையாக மட்டுமே எடைபோட்டார்கள். ரசிகர்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சட்டத்தைப் பற்றிய கதை.

அப்படியொரு சட்டம் சிறுபிள்ளைத்தனமான கற்பனை என்ற ஆட்சேபத்தை முதலில் பார்ப்போம். வாரிசுரிமைச் சட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு ஜெனோவியா அவ்வளவு தொலைவில் இல்லை. 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை மணம் செய்யாமலே ஆண்ட முதலாம் எலிசபெத்திடம் அவருடைய நாடாளுமன்றம் திரும்பத் திரும்ப வைத்த கோரிக்கை, திருமணம் செய்துகொள்ளுங்கள் என்பதுதான். சுவீடனில் 1977-இல் பிறந்த விக்டோரியாவைத் தாண்டி, 1979-இல் பிறந்த தம்பியே பட்டத்து இளவரசனானான். ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே அரியணை என்று 1980-இல் சட்டம் மாறிய பிறகுதான் அந்தப் பட்டம் அக்காவுக்குக் கிடைத்தது. இந்தப் படம் வந்த 2004-இல் பிரிட்டனில் தம்பி பிறந்தால் அக்கா பின்னுக்குப் போக வேண்டும் என்பதே நடைமுறை. அதை மாற்றும் சட்டம் 2013-இல்தான் நிறைவேறியது. ஆணுக்கு இல்லாத நிபந்தனை பெண்ணுக்கு ஏன் என்ற கேள்வி கற்பனை நாட்டோடு முடிந்துவிடுவதில்லை. அதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி, சிரிப்பும் கலாட்டாவுமாக முன்வைத்ததுதான் திரைக்கதை எழுதிய ஷோண்டா ரைம்ஸ் செய்த நல்ல காரியம்.

முடிவு முன்கூட்டியே தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் முடிவு தெரியாததால் யாரும் இந்த வகைப் படத்துக்கு வருவதில்லை. எப்படிப் போய்ச் சேர்கிறார்கள் என்று பார்க்க வருகிறார்கள். இங்கே அந்தப் பயணத்தின் பாரத்தைச் சுமப்பது ஜூலி ஆண்ட்ரூஸ். இளவரசிகள் கூடும் இரவு விருந்தில் கிளாரிஸ் மெத்தையின் மேல் நின்றபடி மாடிப்படியில் சறுக்கி வருகிறார். அதே விருந்தில், பெண்பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் ஒரு பாட்டும் பாடுகிறார். 1997-இல் தொண்டை அறுவை சிகிச்சையில் தன் புகழ்பெற்ற குரலை இழந்தவர் ஆண்ட்ரூஸ். அதன் பிறகு திரையில் அவர் முதன்முதலாகப் பாடியது இதில்தான். பழைய உச்சங்கள் எதையும் தொடாமல், பேச்சுக்கு அருகிலேயே நிற்கும் மெட்டில், இருக்கும் குரலைக் கொண்டு நிதானமாகப் பாடுகிறார். பேத்திக்குக் கிரீடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கப் போகும் ஒரு பெண்ணின் கம்பீரம் அந்தச் சில நிமிடங்களில் முழுசாகத் தெரிகிறது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. திருமணம் கட்டாயமில்லை என்று பேசும் படம் கல்யாணத்தில்தானே முடிகிறது, பெண்ணுக்கு ஆண்துணை வேண்டும் என்பதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். நிக்கலஸின் மனமாற்றம் போதிய அழுத்தமில்லாமல் நடக்கிறது என்பதையும், முடியாட்சியே எதற்கு என்ற கேள்வியைப் படம் தொடவே இல்லை என்பதையும் மறுக்க முடியாது. ஊர்வலத்தை நிறுத்தி, அனாதைக் குழந்தைகள் தலையில் சிறு கிரீடம் சூட்டி மியா கூட்டிப் போகும் காட்சி கண்ணுக்கு இனிமையானது. அந்தக் குழந்தைகளின் நாடு எப்படி இருக்கிறது என்று மட்டும் படம் பெரிதாகக் காட்டுவதில்லை. ஆனாலும் கல்யாணம் பற்றிய குற்றச்சாட்டு, யாருடைய கல்யாணம் என்பதைக் கவனிக்கத் தவறுகிறது.

முப்பதாம் நாள், தேவாலயம் நிறைய விருந்தினர். ஆண்ட்ரூ என்ற நல்ல மனிதர் மாப்பிள்ளையாக நிற்கிறார். அவரும் மியாவும் ஒருவரையொருவர் மதிக்கிறார்கள், காதலிக்கவில்லை. பாதி வழி நடந்து வந்த மியா திரும்பி வெளியே ஓடிவிடுகிறாள். பின்னாலேயே வரும் பாட்டி, உள்ளே போ என்று சொல்லவில்லை. நாட்டுக்கான கடமை என்று சொல்லிச் சொல்லியே தன்னை நேசித்த பாதுகாப்புத் தலைவர் ஜோசப்பைத் தான் இழந்துவிட்டதை ஒப்புக்கொண்டு, முடிவைப் பேத்தியிடமே விட்டுவிடுகிறார். மியா மறுபடி உள்ளே வந்து கணவனில்லாமல் ஆளத் தன்னால் முடியும் என்கிறாள். உங்கள் மகள்களையும் சகோதரிகளையும் இப்படிக் கட்டாயப்படுத்துவீர்களா என்று நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கேட்கிறாள். நிக்கலஸ் தனக்கு அரியணை வேண்டாம் என்கிறான். சட்டம் அங்கேயே விழுகிறது. மியா மணமாகாமலே மகாராணியாகிறாள். அலங்கரித்த தேவாலயமும் காத்திருக்கும் பாதிரியாரும் வீணாகவில்லை. இத்தனை ஆண்டு தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொண்ட, ஒருமுறை கேட்டு ஏமாந்துபோன ஜோசப்பின் பக்கம் கிளாரிஸ் திரும்புகிறார். கிரீடத்துக்காக அல்ல, அதைக் கழற்றி வைக்கப் போகிற நேரத்தில், என்னை மணந்துகொள்வீர்களா என்று இந்த முறை அவர் கேட்கிறார்.